தெலுக் இந்தான் பழைய கட்டிடப் புகைப்பட நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தானில் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நடக்கும் இந்த நடைக்குப் பேர் கொடுக்கிறவர்கள் முதல் முறை கேட்பதும், வந்து போனவர்கள் மறுமுறை கேட்பதும் பெரும்பாலும் ஒன்றேதான். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

இது என்ன நடை? சும்மா டவுனைச் சுத்திக்கிட்டே படம் எடுக்கறதா?

சுற்றுவது குறைவு, நிற்பது அதிகம். மொத்தத் தூரம் இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆகும். சாய்ந்த கோபுரத்தடியில் காலை 7.15க்குத் தொடங்கி, கடைவரிசைகள், பழைய அரசாங்கக் கட்டிடங்கள், ஆற்றங்கரை என்று போய், சந்தைப் பக்கம் ஒட்டுக்கடையில் முடியும். அங்கே சீ சியோங் ஃபன் (அரிசிமாவுச் சுருள் பலகாரம்) தீர்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதும் நேரக் கணக்கில் உண்டு.

தெலுக் இந்தான்ல அப்படி என்ன இருக்கு? சாஞ்ச கோபுரம் ஒன்னுதானே?

கோபுரத்தோடு திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த ஊர் தோட்டங்களுக்கு வாசற்படியாக இருந்த ஊர். துரியான் செபாத்தாங் என்று அறியப்பட்ட இடம் 1882இல் தெலுக் ஆன்சன் ஆனது. பினாங்கில் நிர்வாகியாக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சனின் பெயர் அது. நூறு வருஷம் கழித்து, 1982இல், தெலுக் இந்தான் என்று மாறியது. அந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து வரும் கப்பல் பேராக் ஆற்றில் ஏறி இங்கே நிற்கும். 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் கிளை வந்தது. 1906இல் டென்மார்க்காரர் ஒருவர் ஜெண்டராத்தா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். இன்று அந்தப் பக்கம் போனால் செம்பனைதான்.

தோட்டத்து ரப்பர்ப் பால் இந்த வழியாக வெளியே போனது. அரிசியும் மண்ணெண்ணெயும் இந்த வழியாக உள்ளே வந்தன. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு தோட்டத்து சனம் மொத்தமும் டவுனில்தான். மளிகைக்கடை, அடகுக்கடை, செட்டியார் கிட்டங்கி (வட்டிக்கடை), கோர்ட், தபால் ஆபீஸ் எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் நெருங்கி நிற்பது அதனால்தான். கோபுரத்தைத் தனியாகப் பார்த்தால் இந்தத் தொடர்பு தெரியாது.

வெள்ளைக்காரன் கட்டுனதுதானே காலனியக் கட்டிடம்? கோபுரம் சீனர் கட்டுனதுன்னு சொல்றாங்க?

சரியாகத்தான் சொல்கிறார்கள். 1885இல் லியோங் சூன் சியோங் என்ற குத்தகைக்காரர் கட்டியது. உருவம் சீனப் பகோடா. உள்ளே தண்ணீர்த் தொட்டி, மேலே லண்டன் பென்சன் கம்பெனிக் கடிகாரம். வெளியிலிருந்து எண்ணினால் எட்டு அடுக்கு. உள்ளே மூன்று தளம்தான்.

ஆகவே நாங்கள் பார்ப்பது காலனிய ஆட்சிக் காலத்துக் கட்டிடங்களை. காலனிய அரசாங்கம் கட்டியது மட்டும் என்று வரம்பு கட்டுவதில்லை. செட்டியார் கட்டியது, சீனர் கட்டியது, அரண்மனை, தேவாலயம் எல்லாம் சேர்த்தி. வெள்ளைக்காரர் கட்டியதை மட்டும் எடுத்தால் ஊரில் பாதி விட்டுப்போகும்.

பெரிய கேமரா வேணுமா, இல்ல போன் போதும்லா?

போன் போதும். பகல் வெளிச்சத்தில் கட்டிடம் எடுக்க இன்றைய நடுத்தர விலைப் போனே தாராளம். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். 0.5 என்று வரும் அகல லென்ஸை ஒதுக்கி வையுங்கள். அது படத்தின் ஓரத்தில் உள்ள தூண்களை இழுத்து நீட்டிவிடும். விரலால் பெரிதாக்கியும் எடுக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். திரையில் கட்டம் காட்டும் கோடுகளை (கிரிட்) அமைப்பில் போய் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

கேமரா இருந்தால் 24-70 மாதிரி ஒரு லென்ஸ் போதும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200. காலை நடைக்கு முக்காலி வேண்டாம். அஞ்சடியில் (கடைமுன் கூரையுள்ள நடைபாதை) அதை விரித்தால் கடைக்காரர் கதவைத் திறக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை ஏன் இவ்வளவு காலையில? பத்து மணிக்கு வெச்சா என்ன?

இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி, மாதத்தைப் பொறுத்து ஏழே கால், ஏழரை வரைகூடப் போகும். பத்து மணிக்குள் சூரியன் பாதி வானத்துக்கு ஏறிவிடும். அப்போது மேல்மாடி முகப்பு வெளுத்துப் போகும், கூரை நிழல் சன்னலை மூடிவிடும், அஞ்சடி கறுத்துவிடும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை வெயில் சாய்வாக விழுவதால் சுண்ணாம்புப் பூ வேலைப்பாடு ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.

இன்னொரு காரணம் கார். ஒன்பதுக்கு மேல் கடைமுன் நிற்கும் கார்வரிசை கட்டிடத்தின் காலை மறைத்துவிடும்.

வடக்குப் பார்த்த கடைங்க எப்ப வந்தாலும் நிழல்லதான் இருக்கு. எப்பதான் வெயில் படும்?

ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வாருங்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு 4 பாகை வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கே. ஜூன் மாதக் காலையில் வடக்கு முகப்பின் மேல் வெயில் தடவிக்கொண்டு போகிற மாதிரி விழும். சாந்து வேலையை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. டிசம்பரில் அதே வேலையைத் தெற்கு பார்த்த வரிசையில் செய்யலாம்.

என்ன கொண்டு வரணும்?

தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், வழுக்காத காலணி (அஞ்சடி டைல் தரை மழை ஈரத்தில் எண்ணெய் மாதிரி), குடை, போனையோ கேமராவையோ மூடுகிற அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, கைத்துண்டு. சில்லறையாகக் கொஞ்சம் வெள்ளியும் (ரிங்கிட்). ஏன் என்பது படம் எடுக்க அனுமதி கேட்பது பற்றிய பதிலில் இருக்கிறது.

காடியை விட்டு எறங்குன ஒடனே லென்ஸ் பூரா பனி மூடிக்குது. தொடச்சாலும் திரும்ப வருது.

துடைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகிறது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். ஊர் வந்து சேர இருபது நிமிஷம் இருக்கும்போதே கேமராவை ஏர்கோன் காற்றுப் படாத இடத்தில், ஜிப் பையில் போட்டு வையுங்கள். இறங்கியதும் பையைத் திறக்காமல் பத்து நிமிஷம் பொறுங்கள். பனி பையின் வெளியே படியும், லென்ஸில் படியாது.

வீட்டுக்குப் போனதும் ஈரப்பையிலேயே விட்டுவிட்டால் சில மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் ஓடும். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. ஜெல் நிறம் மாறினால் காய வைத்துப் போடுங்கள்.

எடுக்கற கட்டிடமெல்லாம் பின்னால மல்லாக்கச் சாயற மாதிரி வருது. ஏன்?

போனை மேலே தூக்கிச் சாய்த்திருக்கிறீர்கள். போன் சுவருக்கு இணையாகச் செங்குத்தாக நின்றால் தூண்கள் நேராக நிற்கும். உச்சி அடங்கவில்லையே என்றுதான் எல்லாரும் சாய்க்கிறார்கள். அதற்குப் பதில் பின்னால் போங்கள், போனை நிமிர்த்திப் பிடியுங்கள்.

கணக்கு இது: போனின் சாதாரண லென்ஸோடு எதிர்ச்சாரி அஞ்சடியில், சுவரிலிருந்து 12 மீட்டரில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். போனைப் படுக்கையாகப் பிடித்தால் தரையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரம் அடங்கும். நிமிர்த்திப் பிடித்தால் சுமார் 10 மீட்டர். ஒரு மாடிக் கடைவீட்டின் நெற்றிச்சுவர் வரை அதில் வந்துவிடும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் ரோடாக இருக்கும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்ட ரோடு இருப்பது நல்லது. இல்லாத உச்சியைப் பிறகு ஒட்ட முடியாது.

அப்ப சாஞ்ச கோபுரம் மட்டும் ஏன் என் படத்துல நேரா நிக்குது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, நிற்கும் இடம். கோபுரம் உங்களை நோக்கியோ உங்களை விட்டு விலகியோ சாய்ந்திருந்தால் சாய்வு படத்தில் தெரியாது. கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சாய்வு மிக அதிகமாகத் தெரிகிற இடத்தில் நின்றால், சாயும் திசைக்குக் குறுக்கே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. வானத்தை மட்டும் பின்னால் வைத்து எடுத்தால் பார்ப்பவர் போனைத்தான் சந்தேகப்படுவார். விளக்குக் கம்பமோ கடைவீட்டுத் தூணோ ஓரத்தில் வரட்டும். மூன்றாவது, போனில் உள்ள தானியங்கித் திருத்தம். அந்தப் பொத்தானை அமுக்கினால் அது கோபுரத்தை நிமிர்த்திவிட்டுக் கடைவரிசையைச் சாய்த்துவிடும். கையால் திருத்துங்கள், கம்பத்தை நேராக்குங்கள், கோபுரத்தை விட்டுவிடுங்கள்.

கோபுரம் 25.5 மீட்டர். மேலே சொன்னபடி போனை நேராகப் பிடித்து முழுசாக எடுக்க 33 மீட்டர் பின்னால் போக வேண்டும். சாதாரண நடையில் 44 அல்லது 45 எட்டு.

அது ஏன்தான் சாஞ்சது?

அடியில் ஆற்றோர இளகின மண். அதன்மேல் செங்கல் கோபுரம், கோபுரத்துக்குள் தொட்டி நிறையத் தண்ணீர். பாரம் தாங்காமல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஊருக்குக் குடிதண்ணீர் சேர்த்து வைக்கத்தான் அந்தத் தொட்டி.

அஞ்சடிக்குள்ள எடுத்தா உள்ளே இருட்டு, வெளியே ஒரே வெள்ளை. என்ன செய்யறது?

அஞ்சடி என்பதே வெயிலும் மழையும் படாமல் நடக்கத்தான். 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் வந்த விதி, பிறகு மலாயா முழுக்கப் பரவியது. காக்கி லீமா என்று மலாயில் சொல்வதும் இதைத்தான். ஆகவே உள்ளே இருட்டுதான் இயல்பு. அதைப் பகலாக்கப் பார்க்காதீர்கள்.

திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அமுக்கிப் பிடித்து, பிறகு கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் இது ஒரு ஸ்டாப் குறைப்பதற்குச் சமம். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்தும் வசதி) போட்டே வையுங்கள். இருட்டைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப் போனது திரும்பாது. இன்னும் நல்ல வழி, ரோடு பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, தூண் வரிசை ஓடும் திசையிலேயே எடுப்பது. வெளிச்சம் பக்கவாட்டில் வரும், தரை டைல்களின் பூக்கோலமும் தெரியும்.

கடை நெத்தியில சீன எழுத்துல இருக்கற வருஷம் ரொம்பச் சின்ன நம்பரா இருக்கே?

அது சீனக் குடியரசு ஆண்டாக இருக்கலாம். அப்படியானால் 1911ஐக் கூட்டுங்கள். 17 என்றிருந்தால் 1928. பழைய பலகைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், நெற்றி வருஷம் முகப்பின் வருஷம். பின்கட்டு அதைவிடப் பழசாக இருக்கலாம்.

சில கடைங்கள்ல சன்னலெல்லாம் அடைச்சிருக்கு, ஆனா உள்ளே குருவிச் சத்தம் ஓயவே மாட்டேங்குது. பேய் வீடா?

சிட்டுக்குருவியும் இல்லை, பேயும் இல்லை. சூப்புக்கு விற்கும் கூட்டுக்காக உழவாரன் பறவை வளர்க்கும் வீடு. பறவையை அழைக்க ஒலிபெருக்கியில் சத்தம் போடுகிறார்கள். உள்ளே இருட்டும் ஈரமும் வேண்டும், அதனால் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துச் சின்னத் துளை மட்டும் விடுவார்கள். அந்த ஈரம் மரச் சட்டங்களுக்கு நல்லதல்ல.

1948க்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடியும் வரை இருந்தது. வாடகை ஏறாததால் பழுது பார்க்க உரிமையாளருக்கு ஆசை இல்லை. சட்டம் போனதும் வாடகை ஏறியது, பழைய குடித்தனங்கள் கிளம்பின. காலியான மாடிக்கு மனிதரைவிடப் பறவை லாபம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அந்தத் துளைகளையும் படம் எடுங்கள், அதுவும் கட்டிடத்தின் வரலாறுதான்.

புதுசா பெயின்ட் அடிச்ச சுவர்தான் சீக்கிரம் உரியுது. அது எப்படி?

பழைய சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக மெல்ல வெளியேறும். அதன்மேல் சிமெண்ட் பூசிப் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்பு பூத்து, பெயின்ட் பொக்களித்து, தகடாக உரியும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில்தான் முதலில் தெரியும். படம் எடுக்கும்போது அந்த ஈரக்கோடு எவ்வளவு உயரம் என்று தெரியும்படி எடுங்கள். பழுது பார்க்க வருகிற கொத்தனாருக்கு அழகான கதவைவிட அதுதான் உதவும்.

கடைக்காரங்க, வயசானவங்க எல்லாம் படத்துல வந்தா பரவாயில்லையா?

கட்டிடத்தின் முன் தூரத்தில் நடந்து போகிறவர் வந்தால் பரவாயில்லை. முகம் தெரிய எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். நம்மவர் என்றால் “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?”, மலாய்க்காரர் என்றால் “போலே அம்பில் கம்பார், பாக்சிக்?”, சீனக் கிழவர் என்றால் அங்கிள் போட்டு அதே மலாய். வேண்டாம் என்று கை ஆட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கடைக்குள் எடுத்தால் ஒரு கோப்பியாவது வாங்கிக் குடியுங்கள். சில்லறை வெள்ளி அதற்குத்தான். பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் எடுக்க வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் எல்லாம் பழைய அழகான கட்டிடம். எடுக்கலாமா?

“கவாசான் லாராங்கான்” என்று துப்பாக்கி பிடித்த ஆள் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டம் சம்பந்தப்பட்டது, வாதாட வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோர்ட் வளாகத்துக்குள் எடுக்கவே கூடாது. பாழடைந்து கிடக்கும் ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) அரண்மனையையும் வேலிக்கு வெளியிலிருந்துதான். தளம் எங்கே இற்றிருக்கிறது என்று உள்ளே போனபிறகுதான் தெரியும்.

கோயில்?

செருப்பைக் கழற்றிவிட்டு, குருக்களிடமோ ஆபீசிலோ கேட்டுவிட்டு, மூலஸ்தானத்தை விட்டு மற்றதை எடுக்கலாம். செட்டியார் கோயிலின் மரத்தூணும் தரையும் பார்க்க வேண்டியவை. சித்ரா பௌர்ணமியின்போது அங்கே கட்டிடம் எடுக்க நினைக்காதீர்கள், படத்தில் கூட்டத்தின் தலைகள்தான் தெரியும். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்தபிறகு. பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர்த்து.

ட்ரோன் கொண்டு வரட்டுமா?

வேண்டாம். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் ஒரு பக்கம், வானிலிருந்து படமெடுக்க நில அளவைத் துறையின் அனுமதி மறுபக்கம். மூன்று மணி நேர நடைக்கு அந்த அலைச்சல் தகாது. ஓட்டுக்கூரையை மேலிருந்து எடுக்க ஆசையென்றால் எதிர்ச்சாரி ஹோட்டலின் மூன்றாம் மாடி சன்னல் போதும்.

ராத்திரியில கோபுரம் வெளக்குப் போட்டு நல்லா இருக்கு. எப்படி எடுக்கறது?

முழு இருட்டில் எடுத்தால் கறுப்புத் துணியில் ஒட்டிய பொம்மை மாதிரி இருக்கும். சூரியன் மறைந்து பதினைந்து நிமிஷத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷம் வரை வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். நம் பக்கம் அந்திப்பொழுது சுருக்கம், தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்றால் போய்விடும். இதற்கு மட்டும் முக்காலி கொண்டு வாருங்கள். படத்தில் கறுப்புப் பட்டை ஓடினால் எல்இடி விளக்கின் துடிப்பு அது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் பட்டை போய்விடும்.

தோட்டத்துல தொரை பங்களா, லயம் எல்லாம் இருக்கே. அங்க ஏன் கூட்டிட்டுப் போறதில்ல?

தோட்டம் தனியார் நிலம். வாசல் காவலரைத் தாண்டுவதற்கு முன் மேனேஜர் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். பன்னிரண்டு பேர் கூட்டமாகப் போனால் கிடைக்காது. தனியாக, தெரிந்தவர் வழியாகக் கேட்டுப் போங்கள். தேதி, நேரம், என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள்.

அனுமதி கிடைத்தால் பங்களாவோடு நிறுத்தாதீர்கள். மேட்டில் துரை பங்களா, சற்று இறக்கத்தில் கிராணி (எழுத்தர்) வீடு, அதற்கும் கீழே தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் என்று அமைந்த தோட்டங்கள் நிறைய. அந்த ஏற்ற இறக்கம் ஒரே படத்தில் வரும் இடத்தைத் தேடுங்கள். பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் எடுங்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அங்கேதான். லயத்தில் இன்னும் குடியிருக்கிறவர்கள் இருந்தால், முன்பு சொன்ன “படம் எடுத்துக்கட்டுமா” அங்கே இரண்டு மடங்கு பொருந்தும். கொடியில் காயும் துணி அவர்கள் வீட்டு விஷயம்.

எடுத்த படமெல்லாம் போன்ல கெடக்கு. எது எந்தக் கடைன்னே தெரியல.

எடுக்கும்போதே ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிடத்தின் முதல் படம் எப்போதும் தெருப்பெயர்ப் பலகை, இரண்டாவது கடை எண். பிறகு எதிரிலிருந்து முழு முகப்பு, இடது மூலை, வலது மூலை, அப்புறம்தான் கதவும் பூவேலையும். இருப்பிடப் பதிவைப் போனில் திறந்து வையுங்கள். அன்று இரவே பெயர் மாற்றுங்கள்: வருஷம், மாதம், தேதி, தெரு, எண், பார்த்த திசை. வாட்சாப்பில் அனுப்பிய படத்தை மூலமாக வைக்காதீர்கள், அது சுருங்கிப் போய், இருப்பிடத் தகவலும் அழிந்திருக்கும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு இடத்தில்.

எங்க தாத்தா கட வெச்சிருந்த கட்டிடத்த அடுத்த மாசம் இடிக்கறாங்க. ஒரு நாள்தான் உள்ள விடுவாங்க. என்ன எடுக்கறது?

உரிமையாளர் அனுமதியோடு, பகலில், இரண்டு பேராகப் போங்கள். முந்தைய பதிலில் சொன்ன வரிசையில் வெளிப்பக்கத்தை முதலில் முடியுங்கள். உள்ளே ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்து ஒவ்வொரு படம். அதற்குப் பிறகு விட்டத்தின் அடிப்பக்கம், படிக்கட்டின் கைப்பிடி, நடுமுற்றம், அடுப்படி, கழற்றிய ஓட்டின் பின்பக்க முத்திரை, தரை டைலின் கோலம், சன்னல் கொக்கி.

ஒவ்வொரு சின்னப் பொருளின் பக்கத்திலும் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்றைப் படுக்க வைத்து எடுங்கள். அறையின் நீள அகலத்தை டேப் பிடித்து அளந்து, எண்ணை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் அதே அறையில் வைத்துப் படம் எடுங்கள். மாடித்தளப் பலகை காலடியில் அமுங்கினால் அங்கே நிற்காமல், விட்டம் ஓடும் ஆணி வரிசையின் மேலேயே நடங்கள். கடைசிப் படமாகத் தாத்தா உட்கார்ந்திருந்த கல்லாப்பெட்டி இருந்த இடம், வாசலிலிருந்து பார்க்கிற மாதிரி.